மிச்சம் என்ற சாக்கு

என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். வந்த மறுநாள் காலையிலேயே தன் ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டிவிட்டு, "மாமா, இதைக் கொஞ்சம் கேளுங்கள். ஆனால் ஒன்று: இதெல்லாம் மிச்சப் பாட்டு. அதை மனசில் வைத்துக்கொண்டு கேளுங்கள்" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியந்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பாட்டைக் கேட்கும்போது எதை மனசில் வைத்துக்கொள்வது? பந்தியில் உட்கார்ந்த பிறகு வீட்டுக்காரர் வந்து, "இன்றைக்குச் சமையல்காரருக்கு உடம்பு சரியில்லை, அதை மனசில் வைத்துக்கொண்டு சாப்பிடுங்கள்" என்றால் நாம் சாப்பிடத்தான் செய்வோம். எழுந்திருக்கும்போது நாலு நல்ல வார்த்தையும் சொல்லிவிட்டு வருவோம். ஆனால் சாம்பாரில் உப்பு இல்லை என்கிற விஷயம் இலையில் அப்படியேதான் இருக்கும். வீட்டுக்காரர் சொன்னது நம் வாயைக் கட்டுவதற்காக; நாக்கைக் கட்ட அவரால் முடியாது.

மேல்நாட்டுச் சங்கீதத்தில் எனக்குப் பாண்டித்யம் ஒன்றும் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு இருப்பது கதை எழுதுகிறவனின் காது. பாட்டில் ஒரு மனிதன் வந்து நின்றால் தெரியும். நிற்காமல் போனாலும் தெரியும். அதற்கு மேல் தாளம், சுருதி, ஒலிப்பதிவு நுட்பம் என்று கேட்டால் என் மருமான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பாடகரின் பெயர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ். 1975-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளின் தயவை நாடாமல், மாற்றாந் தகப்பனாருடன் சேர்ந்து 1999-ல் சொந்தமாக ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினார். கம்பெனியின் பெயர் 'ஆஸ்த்மாட்டிக் கிட்டி'. இளைப்பு நோய் கண்ட பூனைக்குட்டி என்று அர்த்தம். இப்படித் தனி ஆவர்த்தனமாக நடத்துகிறவர்களை அங்கே 'இண்டி' என்கிறார்கள். சுதந்திரத்தைக் குறிக்கிற இங்கிலீஷ் வார்த்தையின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பை விட்டுவிட்டார்கள். பாஞ்ஜோ, பியானோ, ஓபோ என்று பல வாத்தியங்களைத் தானே வாசித்துத் தானே பதிவு செய்து, மேலே ஒரு கோஷ்டியின் குரல்களையும் ஏற்றிக் கட்டுகிறவர். குரல் மட்டும் சன்னம். ரகசியம் சொல்கிறவனைப் போலப் பாடுவார்.

2005-ல் இவர் 'இல்லினாய்' என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார். இருபத்திரண்டு உருப்படிகள். ஒரு மாகாணத்தையே பாட்டாகக் கட்டுகிற காரியம். சிக்காகோ நகரம், லிங்கன், அந்த மண்ணில் பல இளைஞர்களைக் கொன்று வீட்டுக்கு அடியில் புதைத்த ஒரு கொலைகாரன், எலும்பில் புற்றுநோய் வந்து சாகிற ஒரு பெண், அவளை நேசித்த பையன் என்று அதில் ஜனங்கள் வருகிறார்கள். அந்தப் பெண்ணைப் பற்றிய பாட்டுக்கு, அந்த மாகாணத்தில் விடுமுறை விடுகிற காஸிமிர் புலாஸ்கி நாளின் பெயரை வைத்திருக்கிறார். அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டையிட்டு 1779-ல் இறந்துபோன போலந்துக்காரர் புலாஸ்கி. ஊரெல்லாம் விடுமுறையாக இருக்கிற நாளில் ஒரு வீட்டில் மட்டும் சாவு. இதைக் கண்டுபிடிக்கிறவனை நான் கதைக்காரன் என்றுதான் சொல்லுவேன். அந்த ஆல்பத்தை மருமான் எனக்கு முன்பே கொடுத்திருந்தான். பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆல்பம் என்று பல பத்திரிகைகள் எழுதியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அமெரிக்காவில் மாகாணம் ஐம்பது. ஐம்பதுக்கும் ஐம்பது ஆல்பம் போடப்போகிறேன் என்று ஸ்டீவன்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். 2003-ல் மிச்சிகன், 2005-ல் இல்லினாய். அதோடு நின்றது. பிறகு, அது வெறும் வேடிக்கைக்குச் சொன்னது, விளம்பரத்துக்காகச் சொன்னது என்று அவரே ஒப்புக்கொண்டார். போகட்டும். கலைஞன் போடுகிற சபதத்துக்கெல்லாம் நோட்டரி வைத்துக் கையெழுத்து வாங்க முடியாது. ஆனால் நாற்பத்தெட்டு மாகாணங்கள் பாக்கி நிற்கும்போது, 2006 ஜூலையில் அவர் வெளியிட்டது எது தெரியுமா? மறுபடியும் இல்லினாய்! முதல் ஆல்பத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய பாட்டுகளையெல்லாம் வாரிக் கட்டி, 'தி அவலாஞ்ச்', அதாவது பனிச்சரிவு, என்று பெயர் வைத்து வெளியிட்டுவிட்டார். இருபத்தொரு உருப்படிகள். ஒன்றேகால் மணி நேரம் ஓடுகிறது. மூலத்துக்கு ஒரு உருப்படிதான் குறைவு. மருமான் என் காதில் மாட்டியது இதைத்தான்.

பெயர் என்னவோ பொருத்தந்தான். மேலே விழும் என்று சொல்லிவிட்டே தள்ளிவிடுகிறார்.

இதில் என்னை உறுத்தியது அட்டையில் போட்டிருக்கிற ஒரு வார்த்தை. இல்லினாய் ஆல்பத்தின் ஒதுக்கல்களும் உபரிகளும் என்று சொல்லிவிட்டு, இவற்றை 'வெட்கமில்லாமல்' தொகுத்தவர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் என்று போட்டிருக்கிறது. வெட்கமில்லாதவன் வெட்கமில்லை என்று எழுதி ஒட்டிக்கொள்வானா? கூசுகிறவன்தான், பிறர் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லித் தப்பித்துக்கொள்வான். கச்சேரி மேடையில் உட்கார்ந்து, "இன்றைக்குத் தொண்டை கொஞ்சம் சரியில்லை, ரசிகர்கள் பொறுத்தருள வேண்டும்" என்று ஆரம்பிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பாடினால், தொண்டை சரியில்லாதபோதே இப்படியா என்று ஆச்சரியம். மோசமாகப் பாடினால், பாவம் தொண்டை என்ற அனுதாபம். எப்படி விழுந்தாலும் பூனை நாலு காலில் விழுகிறது. மிச்சம் என்ற வார்த்தையும் இதே வேலையைத்தான் செய்கிறது. என் சண்டை இந்த வார்த்தையோடுதான், பாட்டுகளோடு அல்ல.

இனி முதல் தடவை கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆல்பத்தின் பெயரையே தாங்கிய முதல் பாட்டு முடிந்தபோது எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நல்ல பாட்டை எதற்காக ஒதுக்கினான் இந்த மனிதன்? ஒதுக்கியதையாவது விட்டுவிடலாம், எதற்காக மிச்சம் என்று பட்டம் கட்டிக் கொண்டுவந்து நிறுத்துகிறான்? இரண்டாவது, கம்ப்யூட்டர் ஒன்றை விளித்துப் பாடுகிற வேகமான பாட்டு. கெட்டிக்காரத்தனம் இருக்கிறது; என் காதில் அதற்கு மேல் ஒன்றும் நிற்கவில்லை. மூன்றாவது அட்லாய் ஸ்டீவன்ஸன். 1952-லும் 1956-லும் ஐஸன்ஹோவரை எதிர்த்து ஜனாதிபதி பதவிக்கு நின்று இரண்டு தடவையும் தோற்றாரே, இல்லினாயின் பழைய கவர்னர், அவர் பெயரில் சின்னதாக ஒரு பாட்டு. நாட்டின் புத்திசாலிகளெல்லாம் அவரைக் கொண்டாடினார்கள். வோட்டுப் பெட்டி கொண்டாடவில்லை. இரண்டு தேர்தலிலும் மிஞ்சிப்போன மனிதரை மிச்சத் தொகுப்பில் உட்கார வைத்தது வேண்டுமென்று செய்ததா, தற்செயலா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

ஏழாவது பாட்டுக்கு ஸால் பெல்லோ என்று பெயர். நாவலாசிரியர் ஸால் பெல்லோதான். கனடாவில் பிறந்து சிக்காகோவில் வளர்ந்து, 1976-ல் நோபல் பரிசு பெற்றவர். 2005 ஏப்ரலில் காலமானார். மூன்று மாசத்தில் இல்லினாய் வெளிவந்தது. அந்த ஊரின் தெருக்களையும் பேச்சையும் இலக்கியத்தில் நிலைநாட்டியவருக்கு அந்த மாகாணத்தின் ஆல்பத்தில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் மிச்சத்தில் கிடைத்தது. கொலைகாரனுக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டாயிற்று. நாவலாசிரியன் என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் மனஸ்தாபம் என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக் கூடாது.

அதன் பிறகு எனக்கு அலுப்புத் தட்ட ஆரம்பித்தது. ஒளிப்பானேன்? ஓர் ஏரியின் பெயரில் ஒரு துண்டு, ஓர் ஆற்றின் பெயரில் ஒரு துண்டு. 1965-ல் குருத்தோலை ஞாயிறன்று அடித்த சூறாவளிக்கு ஒரு துண்டு. சிக்காகோவின் முதல் பெண் மேயர் ஜேன் பர்னுடைய பதவியேற்புக்கு என்று ஒன்றரை நிமிஷத்தில் ஒரு துண்டு. அந்த அம்மாள் 1979-ல் பதவியேற்று 1983-ல் இறங்கிவிட்டார். பதவியேற்பு இசை இருபத்தேழு வருஷம் தாமதமாக வந்து சேருகிறது. பெயர்கள் எல்லாம் நீளம், இசை குட்டை. தையற்காரன் மேஜைக்கு அடியில் விழுந்து கிடக்கிற துணித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஊர்ப் பெயரை எழுதி ஒட்டியது போல இருக்கிறது.

கட்பீஸைப் பற்றி எனக்கு மட்டமான அபிப்பிராயம் இல்லை. எங்கள் வீட்டில் பண்டிகை ரவிக்கைகளெல்லாம் கட்பீஸ் கடையில் எடுத்த துணியில்தான் தைத்தார்கள். ஆனால் ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்ட பிறகு, "இது கட்பீஸ், அதை மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள்" என்று யாரும் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை. உடம்புக்குப் பொருந்தினால் அது ரவிக்கை. பொருந்தவில்லையென்றால் கைப்பிடித் துணி.

துண்டுகளில் ஒன்றுக்கு மட்டும் நான் நின்று மரியாதை செய்யவேண்டும். கிளைட் டாம்பா என்ற வானசாஸ்திரியின் பெயரில் உள்ளது. இல்லினாயில் ஸ்ட்ரீட்டர் என்ற ஊரில் பிறந்தவர். 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்தவர். இந்த ஆல்பம் வெளிவந்தது 2006 ஜூலை 11. ஆகஸ்டு 24-ஆம் தேதி பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் சங்கம், புளூட்டோ கிரகமே அல்ல என்று தீர்மானம் போட்டு அதை ஜாதிப்பிரஷ்டம் செய்துவிட்டது. ஆறு வாரம் முன்னால் பாட்டு வந்துவிட்டது! டாம்பாவின் அஸ்தியில் ஒரு சிட்டிகையை ஏற்றிக்கொண்டு அந்த வருஷம் ஜனவரியில் கிளம்பிய விண்கலம், 2015-ல் புளூட்டோவின் அருகே போயிற்று. மனிதர்கள் பட்டியலிலிருந்து அடித்ததைப் பற்றிப் புளூட்டோ கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இதெல்லாம் பாடகர் அறிந்து செய்ததல்ல, காலம் செய்தது. ஆனாலும் கேட்கும்போது ஒரு சிரிப்பு வருகிறது.

நான் கோபித்துக்கொண்டதும் மருமான் என்னோடு வாதத்துக்கு வந்தான். "மாமா, மற்றவர்களுடைய முதல் பந்தியைவிட இவருடைய மிச்சம் மேல்" என்றான். பெரும்பாலான மதிப்புரைகளும் அன்றைக்கு இதே தாட்சண்யத்தோடுதான் இந்த ஆல்பத்தை வரவேற்றன. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மிச்சம் என்று சொன்னவுடன் விமரிசகன் தராசைக் கீழே வைத்துவிடுகிறான். நிறுக்க வேண்டியதில்லை அல்லவா? நன்றாக இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டமில்லை. ஆனால் வாங்குகிறவன் கொடுத்த காசில் மிச்சக் காசு, முழுக் காசு என்று இரண்டு ரகம் உண்டா? அவன் செலவழித்த ஒன்றேகால் மணி நேரம் அவனுக்கு முழு நேரந்தானே?

"ரசிகர்கள் கேட்கிறார்கள் மாமா." கேட்பார்கள். ரசிகன் ஆசைக்கு எல்லை ஏது? பாடகர் பல் துலக்கும்போது முனகியதைப் பதிவு செய்து கொடுத்தால் அதையும் கேட்பான். கொடுக்கிறவனுக்கு ஒரு நிதானம் இருக்க வேண்டாமா?

அவன் கையில் இருந்த பலமான ஆயுதம் பாப் டிலன். 1983-ல் டிலன் 'இன்ஃபிடல்ஸ்' ஆல்பத்துக்காகப் பதிவு செய்துவிட்டு ஒதுக்கிய பாட்டு, குருட்டு ப்ளூஸ் பாடகர் வில்லி மக்டெல் பெயரில் அமைந்தது, 1991-ல்தான் வெளிவந்தது. டிலனுடைய மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்று என்று இன்று அதைச் சொல்லாதவர்கள் குறைவு. "இதை வெளியிட்டிருக்கக் கூடாதா?" என்றான் மருமான். நான் அப்படிச் சொல்லவே இல்லை. கலைஞன் ஒதுக்கியது எப்போதும் சரியாகத்தான் இருக்கும் என்று வாதிப்பதற்கு எனக்கு என்ன பைத்தியமா? தவறாக ஒதுக்குவான், பலமுறை ஒதுக்கியிருக்கிறான். டிலனும் அதை ஒதுக்கல் தொகுதியில்தான் சேர்த்தார். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்கிறவன் ஒதுக்கியதை மனசில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய தேவை இருக்கிறதா? சலுகை ஏதாவது கேட்கிறதா அது? இல்லையே. அப்படியானால் அது மிச்சமல்ல. எட்டு வருஷம் தாமதமாக வந்த பாட்டு. தீர்ப்பு தப்பு என்று தெரிந்தால் திருத்தி எழுதவேண்டியதுதான். தீர்ப்பையும் வைத்துக்கொண்டு கைதியையும் கௌரவிப்பது என்ன நியாயம்?

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் செய்ததை நினைத்துப் பாருங்கள். ஜனவரி மாசம் வீட்டில் உட்கார்ந்து, நாலு தடம் உள்ள ஒரு காஸெட் யந்திரத்தில், பின்னால் வாத்தியக் கோஷ்டிக்குக் காட்டுவதற்காகத் தனியே பாடி மாதிரிக்குப் பதிவு செய்துகொண்டார். பிறகு கோஷ்டியோடு அவற்றை வாசித்துப் பார்த்தார். காஸெட்டில் இருந்த உயிர் வரவில்லை. காஸெட்டையே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளியிட்டுவிட்டார். இது கரடுமுரடான நகல், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அட்டையில் போட்டாரா? இதுதான் என் ஆல்பம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்தார். நகலை நகல் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அது ரசிகர்களுடைய அலமாரியில் ஒரு ஞாபகச் சின்னமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஸ்டீவன்ஸிடமும் இப்படி ஒன்று இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 'சிக்காகோ' என்பது இல்லினாய் ஆல்பத்திலேயே பிரசித்தமான பாட்டு. தந்தி வாத்தியமும் கோஷ்டிக் குரலுமாகக் கோயில் தேர் போல வரும். பனிச்சரிவில் அதே பாட்டுக்கு இன்னும் மூன்று வடிவங்கள் இருக்கின்றன. இருபத்தொன்றில் மூன்று, ஏழில் ஒரு பங்கு. அவற்றில் இரண்டுக்கு வைத்திருக்கிற பெயர்களே கிண்டல். ஆனால் ஒன்று, பரிவாரம் குறைத்துப் பாடியது, தேரின் அலங்காரத்தையெல்லாம் களைந்துவிட்டு அச்சையும் சக்கரத்தையும் காட்டுகிறது. அலங்காரத்துக்குக் கீழே இவ்வளவு உறுதியான மரம் இருந்ததா என்று தெரிந்துகொள்கிறோம். முடிந்துபோன படைப்பு இதை ஒருநாளும் நமக்குச் சொல்லாது. இந்த ஒரு விஷயத்தில் மருமானுக்கு நான் தோற்றேன். மற்ற இரண்டு வடிவங்களையும் அவன் எனக்காக இரண்டாம் முறை வைத்தபோது, ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டேன்.

நாலாவது துண்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதற்குத் தனியாக இடம் வேண்டும். விவியன் பெண்கள் என்று ஆரம்பித்து மூச்சு முட்டுகிற நீளத்துக்கு ஒரு தலைப்பு; இசை இரண்டு நிமிஷம்கூட இல்லை. விவியன் பெண்கள் என்பவர்கள் ஹென்றி டார்ஜர் என்ற சிக்காகோக்காரரின் கற்பனை. 1892-ல் பிறந்த டார்ஜர் ஆஸ்பத்திரிகளில் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்த்தவர். ஒற்றை அறையில் பல வருஷம் தனியே குடியிருந்தார். முதுமையில் அவர் அறையைக் காலிசெய்து முதியோர் விடுதிக்குப் போனபோது, வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பார்த்தால் பதினையாயிரம் பக்கத்துக்கு மேல் தட்டச்சு செய்த ஒரு கதை! கூடவே நூற்றுக்கணக்கில் சித்திரங்கள். அத்தனை வருஷமும் அதை அவர் வெளியிட முயன்றதில்லை. 1973-ல் டார்ஜர் இறந்துபோனார். அந்தச் சித்திரங்கள் இன்று மியூசியங்களில் தொங்குகின்றன.

அந்த மனிதர் எதை வைத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது என்று ஒருநாளும் உலகத்துக்குச் சொன்னதில்லை. அத்தனையும் சேர்ந்தே கிடந்தது. பொறுக்கி எடுத்தவர்கள் பிறர். அவரைக் கேட்கவும் வழியில்லை. செத்துப்போனவர்களுடைய பெட்டியைத் திறக்கிறவர்கள் பாடு எப்போதுமே தர்மசங்கடந்தான். எலியட் ஸ்மித் என்ற பாடகர், இவரும் அந்த இண்டி வகையில் வந்தவர்தான், 2003-ல் முப்பத்துநாலு வயதில் இறந்தார். 2007-ல் அவர் விட்டுப்போன பழைய பதிவுகளிலிருந்து இருபத்துநாலு பாட்டுகளை 'நியூ மூன்' என்று இரண்டு தட்டில் வெளியிட்டார்கள். அவற்றில் எதை அவர் வேண்டாம் என்றிருப்பார்? யாருக்குத் தெரியும்? தொகுத்தவர்கள் சலுகை கேட்டால் கொடுக்கலாம். அவர்கள் இறந்தவனுக்காகக் கேட்கிறார்கள். ஸ்டீவன்ஸ் உயிரோடு இருக்கிறார். காது இருக்கிறது, கை இருக்கிறது, சொந்தக் கம்பெனி இருக்கிறது. இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்ல இந்த உலகத்தில் அதிகாரம் உள்ள ஒரே ஆள் அவர்தான். அந்த வேலையை நம் தலையில் கட்டிவிட்டு, அட்டையில் ஒரு வார்த்தையைப் போட்டுக் கைகழுவிவிட்டார். இல்லினாயை அத்தனை கண்டிப்போடு பொறுக்கி அடுக்கியவர் இப்படிச் செய்யலாமா?

இவ்வளவு சண்டை போட இதில் உனக்கு என்ன என்று ஒருவர் கேட்கலாம். வாரம் ஒன்று எழுதுகிறாய். நாளைக்கு இந்தக் கட்டுரைகளையெல்லாம் சேர்த்து நீயே தொகுதி போடுவாய். அது மட்டும் என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. தொகுதி போடும்போது பாதியைக் கிழித்துப் போடுவேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் எனக்கு இதில் வேறு சம்பந்தம் இருக்கிறது. என் நாவல் ஒன்றைப் புதுப்பதிப்புப் போடப்போகிறவர், பத்திரிகையில் தொடராக வந்தபோது இருந்து, புத்தகத்தில் நான் நீக்கிவிட்ட ஆறு அத்தியாயங்களை 'விடுபட்ட பக்கங்கள்' என்று பின்னிணைப்பாகச் சேர்க்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தார். "வாசகர்கள் ஆவலோடு எதிர்பார்ப்பார்கள் சார்" என்றும் எழுதியிருந்தார். எனக்கும் சபலந்தான். பழைய பத்திரிகைக் கத்தரிப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி மேஜைமேல் வைத்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் மருமான் வந்து பனிச்சரிவைக் காதில் மாட்டினான்.

இருபதாவது பாட்டு 'பிட்ஸ்ஃபீல்ட்'. ஏறக்குறைய ஏழு நிமிஷம். வீட்டில் அதிகாரம் செலுத்திய ஒரு பெரியவரைப் பார்த்து, வளர்ந்துவிட்ட குழந்தை பேசுகிறது. கத்தலோ அழுகையோ இல்லை. இனிமேல் உன்னிடம் எனக்குப் பயமில்லை என்பதைத் திரும்பத் திரும்ப, அடங்கிய குரலில் சொல்லிக்கொண்டே போகிறது. இத்தனை தடவை சொல்லவேண்டியிருக்கிறதே என்று கேட்கிறவனுக்குத்தான் பயம் வருகிறது. இதை எதற்காக இல்லினாயில் சேர்க்கவில்லை? நீளம் என்பதாலா? முதல் ஆல்பத்தில் இடம் இல்லை என்பதாலா? எனக்கு அதற்கெல்லாம் பதில் வேண்டியிருக்கவில்லை. என் மேஜைமேல் இருந்த ஆறு அத்தியாயங்களில் நாலாவதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து அத்தியாயங்களை நான் நீக்கியது கலைக் காரணத்துக்காக. வாரா வாரம் பக்கம் நிரப்ப எழுதிய தவிடு அது. நாலாவது அப்படியல்ல. கதாநாயகனின் தகப்பனார் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், இலையை மடித்துவிட்டு எழுந்து போவார். அதற்குள் வீட்டில் ஒவ்வொருவரும் நடுங்குவார்கள். தொடராக வந்த வாரம் என் தகப்பனார் அதைப் படித்துவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரிகையை மடித்து மாடத்தில் வைத்துவிட்டுப் போனார். புத்தகமாகும்போது, கதையின் வேகத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். பதிப்பாளரிடமும் அப்படித்தான் சொன்னேன், மனைவியிடமும் அப்படித்தான். வருஷம் போகப்போக நானே அதை நம்பிவிட்டேன். இந்தப் பாட்டைக் கேட்டபோதுதான் அந்த மாடமும் மடித்த பத்திரிகையும் கண்ணில் வந்தன.

பாருங்கள், ஐந்து தவிட்டையும் அந்த ஒன்றையும் ஒரே சாக்கில் கட்டி 'விடுபட்ட பக்கங்கள்' என்று சீட்டு ஒட்டினால் என்ன ஆகும்? தவிடு என்று தெரிந்தே எடுத்ததும், பயந்து எடுத்ததும் ஒன்றாகிவிடும். வாசகர் அதை மனசில் வைத்துக்கொண்டு படிப்பார். நல்லது மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு தவிட்டோடு தவிடாகப் போகும். தவிடு நல்லதின் நிழலில் ஒண்டிக்கொள்ளும். எனக்கு மட்டும் சௌகரியம்.

மருமான் ஊருக்குப் புறப்படும்முன் பனிச்சரிவில் நான் வைத்துக்கொள்ளக்கூடிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் காட்டினேன். தலைப்புப் பாட்டு, ஸ்டீவன்ஸன், பெல்லோ, பரிவாரம் இல்லாத சிக்காகோ, தகப்பனின் கள்ளக் காதலியைப் பிள்ளைகள் பார்த்துவிடுகிற மக்லூர் ஊர்ப் பாட்டு, 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று அர்த்தம் வருகிற பாட்டு, டாம்பா, பிட்ஸ்ஃபீல்ட். எட்டு. இவற்றில் நிலத்தைப் பற்றிய பாட்டை அந்த வருஷமே 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' என்ற சினிமாவில் சேர்த்துக்கொண்டார்கள். சினிமா பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது மிச்சம் என்று தெரிந்திருக்கும்? இந்த எட்டை மட்டும், சாக்குச் சொல்லாமல், புதுப் பெயரில் ஒரு சின்ன ஆல்பமாகப் போட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

மருமான் தாளைப் பார்த்தான். "உங்கள் எட்டில் நாலுதான் என் எட்டில் வரும் மாமா. அந்தக் கம்ப்யூட்டர் பாட்டை விட்டுவிட்டீர்களே! இருபத்தொன்றும் போட்டதால்தானே நீங்களும் நானும் பொறுக்க முடிந்தது?"

"உன் எட்டு தெரிந்தது, என் எட்டும் தெரிந்தது. பாடினவருடைய எட்டு எது?" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டான்.

அன்று ராத்திரி புதுப்பதிப்புப் போடுகிறவருக்குப் பதில் எழுதினேன். ஐந்து அத்தியாயங்கள் வேண்டாம், பின்னிணைப்பும் வேண்டாம். நாலாவதை நாவலில் அது இருந்த இடத்திலேயே, பத்தாவது அத்தியாயத்துக்கும் பதினோராவதுக்கும் நடுவில், சேர்த்துவிட வேண்டும். புதிதாகச் சேர்த்தது என்று அட்டையிலோ முன்னுரையிலோ போடக் கூடாது. அத்தியாய எண்களையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும், சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று முடித்தேன். கடிதம் போய்ப் பதினைந்து நாள் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை.